அமுதத்தின் தாயை நான் எழுப்பிவிட்ட விபரம்

சிவமயம்

உரும்பிராய் தெற்கு,
ஈசுவர வருடம், ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் குணலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே உன் ஐயாவும் நானும் நோய் நொடியில்லாமல் எழும்பி நடமாடித் திரிகிறோம். சிரம்பானில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று கீரிமலைச் சிவனை நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். மழையைக் கண்ணிலும் காணவில்லை, கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கிறது, ஐயா இன்னும் தன் வெங்காயப் பாத்தியை விடுகிறார் இல்லை. சிவலைப் பசு கன்று போட்டது, நாகு, பெண் கன்றுதான், பால் தாராளம், குடிக்கத்தான் வீட்டில் ஆளில்லை. உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்த தாளும் நல்லூர்த் தேருக்கு முதல் கிழமையே வந்து சேர்ந்துவிட்டன. பதில் சுணங்கிவிட்டதென்று கோபிக்காதே பிள்ளை. என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் சுணங்கினேன். இப்போதும் தெரிந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே, தலை குழம்பிப் போய்த்தான் இருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு காரியம் நடந்து போயிற்று, அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

நீ எழுதியிருந்தாய், வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற சோமசேகரம் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் போடப் போகிறார், முழுக் கதையும் முதலில் வேண்டாம், கதை என்னவென்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம், ஐயாவோடு படித்தவர் என்றபடியால் ஐயாவே கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதற்கு முதல் நாங்கள் வாசித்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று. இந்த முறையும் ஆகாதென்றால் இதுவரை எழுதினதை எல்லாம் அடுப்புக்குள் வைத்துவிடுவேன் என்றும் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். சென்னைப் பட்டணத்திலிருந்து உன் கதை இரண்டு தரம் திரும்பி வந்தது எனக்குத் தெரியும், அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் தாளை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது யாரோ கொம்பனிக்காரன் யந்திரம் விற்கிற விளம்பரத்தைக் கைமாறி வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என்றாலும் கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே தமிழில் இதுவரை இப்படியொரு நூல் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறாய், அது வாசித்தவர்கள் சொல்ல வேண்டியது அல்லவா. பிறகு, தாயை இழந்த சிறுமி அமுதம் என்று ஒரு பாதி வரி. மாமன்காரன் செய்த ககனயந்திரத்துக்குள் அவள் அகப்பட்டு, அது அவளோடு சந்திரனுக்குக் கிளம்பிவிட்டது என்று இன்னொரு பாதி வரி. அதற்குப் பிறகு கீழே போகப் போக யந்திரம்தான். அதன் தகடு என்ன உலோகம், அதற்குள் காற்றை எப்படி அடைத்தார்கள், வேகமானி, தூரபாஷணக் கருவி, குளிர் காப்புச் சட்டை, இன்னும் வாயில் நுழையாத எத்தனையோ பெயர். அந்தப் பிள்ளை அழுதாளா, பசித்ததா, ஒன்றும் இல்லை. முடிவில், அமுதம் தப்பினாளா, நூலை வாசித்து அறிக என்று நிறுத்திவிட்டாய். நூல் உன்னிடம் அல்லவா இருக்கிறது. நான் யாரிடம் போய் அறிவேன்?

எனக்கு மட்டும்தான் விளங்கவில்லையோ என்று நினைத்து ஐயாவிடம் கொடுத்தேன். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார், சாப்பிட்டு எழும்பிய பிறகு, உந்தத் தாளை இப்பிடியே குடுக்கேலாது என்றார். கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியிடம் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்தவர் அல்லவா, அவருக்குத் தெரிந்த மாதிரித் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டார். மகாகனம் பொருந்திய அச்சுக்கூட அதிபர் அவர்களின் சமூகத்துக்கு, மேற்படி சிரம்பானில் வசிக்கும் மேற்படியாள் மிகவும் தாழ்மையுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால், என்று தொடங்கி, மேற்படி ககனயந்திரம், மேற்படி சந்திரன் என்று கீழே வரைக்கும் போயிருந்தது. வாசித்தால் காணி வழக்கில் சந்திரனைப் பங்கு கேட்கிற மாதிரி இருந்தது. உன் மாமி நல்லம்மா அந்த நேரம் பால் வாங்க வந்திருந்தா, இரண்டையும் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். சிறியோர் பெரியோர் ஆண் பெண் யாவருக்கும் ஏற்ற நூல் என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவ என்னை நிற்பாட்டி, 'அப்ப எனக்குமெல்லே எழுதியிருக்கிறாள், எனக்கெண்டால் எனக்கு விளங்கவேணுமே மச்சாள்' என்று கேட்டா. பிள்ளைகளுக்கென்றால் பிள்ளைகளுக்கு என்று மட்டும் எழுதினால் என்ன என்று பிறகு யோசித்தேன்.

தேர் முடிந்து அச்சுக்கூடம் திறந்ததும் கொண்டுபோகச் சொன்னேன், ஐயா போகமாட்டேன் என்றுவிட்டார். எனக்கே விளங்காத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சோமசேகரத்தின் முன்னால் போய் நிற்கமாட்டேன், அவன் ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்றார். அவர் பயம் சரியென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானும் மாமியும் பலாலி றோட்டில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரியடியில் இறங்கி, வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்து போனோம். இரண்டு தாளும் என்னிடம்தான் இருந்தன. போகும் வழியெல்லாம் எதைக் கொடுப்பதென்று தெரியாமல் போய், கடைசியில் உன்னுடையதையே கொடுத்தேன். சோமசேகரம் நல்ல மனிதர், எங்களை மர வாங்கில் இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாதித் தாளுக்கு மேல் அவர் கண் போகவில்லை, அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, 'அக்கா, உதிலை யந்திரம் கிடக்கு, பிள்ளை எங்கை?' என்றார். 'நீங்கள் வாசிச்சனீங்களோ?' என்று கேட்டார், ஓம் என்றேன். 'அப்ப நீங்கள் சொல்லுங்கோ, என்ன கதை?' என்றார்.

பிள்ளை, நான் என்ன செய்வேன். உன் அடுப்புத்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அமுதம் என்று ஒரு பிள்ளை, சொன்ன சொல் கேளாத பிள்ளை, மாமன் யந்திரம் செய்கிற கொட்டிலுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடப் போனவள், யந்திரத்துக்குள் ஒளித்தாள், அது கிளம்பிவிட்டது என்று சொன்னேன். ஒளித்துப் பிடித்து விளையாடினாள் என்று நீ எழுதவே இல்லை, எப்படி அகப்பட்டாள் என்று தெரியாததால் நானாகச் சொன்னது. அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, 'பிள்ளை சந்திரனுக்குப் போட்டுது, இஞ்சை ஆர் தேடினது?' என்று கேட்டார். தாய் என்று சொல்லிவிட்டேன். தாய் செத்துப்போனவள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நாலு தரம் வாசித்தவள் நான், ஆனால் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. மாமி என் தொடையில் கிள்ளினா. 'தாய் என்ன செய்தவ?' என்று அவர் விடவில்லை. உன் தாளில் இருந்த அத்தனை பெயரிலும் எனக்கு ஞாபகம் வந்தது தூரபாஷணக் கருவி ஒன்றுதான். அந்தத் தாய் ஓடிப்போய்க் கொட்டிலுக்குள் பார்த்தாள், மாமன் பேயறைந்த மாதிரி நிற்கிறான், மூலையில் தூரத்திலுள்ளவர்களோடு கதைக்கிற பெட்டி இருக்கிறது, அவளுக்கு அதைத் தொட்டும் பழக்கமில்லை, ஒவ்வொரு திருகாணியாகத் திருகித் திருகி, விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, அமுதம், இருட்டுதடி, சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்றேன். அங்கே அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஏரம்பு என்ற மனிதர், நரைத்த மனிதர்தான், எழுத்தைக் கையில் பிடித்தபடி, 'பிள்ளைக்குக் கேட்டதோ?' என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குத் தெரியாது, மகளைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

சோமசேகரம் சொன்னது இதுதான். தைப்பொங்கலுக்கு மூன்று புத்தகம் போடுகிறாராம், இரண்டு முடிவாகிவிட்டதாம், மூன்றாவதற்கு வேறு இரண்டு பேருடையதும் அவரிடம் இருக்கிறது. 'நீங்கள் சொன்ன கதையெண்டால் கார்த்திகை பிறக்க முதல் முழுக்க அனுப்பச் சொல்லுங்கோ, உந்தத் தாளிலை கிடக்கிற கதையெண்டால் வேண்டாம்' என்றார். எடுக்கிறேன் என்று வாக்குத் தரவில்லை, வாசித்துப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். முழுக் கதையோடு புதிதாக ஒரு தாளும் வேண்டுமாம், காசு போடுகிற பங்காளிக்குக் காட்டுவதற்கு. பிள்ளையை முதலில் சொல்லட்டும், யந்திரத்தைப் பற்றி ஒரு வரி போதும், கடைசியில் என்ன நடந்ததென்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும், வாசித்து அறிக என்று என்னிடம் சொல்லக்கூடாது, நான் காசு போட்டு அச்சடிக்கிறவன் என்றார். இதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது மாமி, 'மச்சாள், செத்த மனுசியை எழுப்பி இருத்திப்போட்டு வாறியள்' என்று சிரித்தா, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை என்றதும் முகம் கறுத்தது, பிறகு கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, 'அப்ப பிள்ளையின்ரை தேப்பன் எங்கை போட்டான்?' என்றார். அதுவும் எனக்குத் தெரியாது என்றேன். அன்றிலிருந்து கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருக்கிறார், வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும்போதும் தேப்பன் பேச்சுத்தான்.

இப்போது எனக்குள்ள குழப்பம் இதுதான். உன் முழுக் கதையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது அதற்குள் எங்கேயாவது இருக்கிறதா, இல்லை உன் கதையைக் கெடுத்துவிட்டு வந்தேனா? இரண்டு நாளாக இன்னொன்றையும் யோசிக்கிறேன், அந்தத் தாயை நீ ஏன் தொடக்கத்திலேயே சாகடித்தாய்? தாய் இருந்தால் பிள்ளையைப் போகவிட மாட்டாள், கதை நடக்காது என்று நினைத்தாயோ? நான் உன்னைப் போகவிட்டேன்தானே. பத்தொன்பது வயதில் கப்பலேற்றிவிட்டுத் துறைமுகத்தில் நின்றேன், செத்துப்போகவில்லை. இதை உன்மேல் குறையாக எழுதவில்லை, விளங்காமல்தான் கேட்கிறேன். தாய் வேண்டாமென்றால் வேண்டாம், உன் கதை, உனக்குத்தான் தெரியும். நான் திரும்பவும் பஸ் ஏறிப்போய், நான் சொன்னது பிழை, தாய் முதலே செத்துவிட்டாள் என்று சோமசேகரத்திடம் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. எழுதினதை மட்டும் அடுப்பில் வைக்காதே. தாயை எழுப்புவதென்றால் கெதியாக எழுப்பு, கார்த்திகைக்கு எத்தனை நாள் இருக்கிறது, கப்பல் தபால் சுணங்கும். முடிந்தால் ஐயாவுக்காக ஒரு தேப்பனையும் எங்கேயாவது ஒரு மூலையில் நிறுத்திவிடு, பேசாமல் நின்றாலும் போதும்.

நீயும் மருமகனும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். உன் கைக்கும் எழுத்துக்கும் ஒரு தீங்கும் வரக்கூடாது. ஒடியல் மாவும் பனம்பழப் பினாட்டும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன், புரட்டாதியில் கப்பலேறுகிற சீவரத்தினத்தின் மகனிடம் கொடுத்துவிடுவேன், மாவைக் கண்டதும் வெயிலில் போட்டு எடு, அங்கே ஓயாத மழை என்றாயே. பேரப்பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைக்க மறக்காதே. அமுதத்தின் தாயை எழுப்பினால் அவளுக்கு ஒரு பெயர் வை, வெறுமனே தாய் என்று விட்டுவிடாதே. என்னுடைய பெயர் வேண்டாம், நல்லம்மா மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிவா.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஆ. இரத்தினம்மா