ஆடியில் திறக்காத பெட்டி

இன்று காலை சால்வை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய லேப்டாப் பையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. பை காலிதான். அதற்குள் இருந்ததைப் பெரியவள் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஒரு வருஷமாகிறது. வெளியே சாரல். மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை. தென்னைகள் இடுப்புக்கு மேல் காணாமல் நின்றன. மணி பத்தா, நாலா என்று பிடிபடாத வெளிச்சம். பீரோக் கதவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நேற்று தென்காசியில் நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நீங்கள் ஒரு சாமான் வாங்கினால் அதற்குப் பேர் வாங்குவது இல்லை, விசாரணை. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊர் வழக்கையெல்லாம் எழுதிய கை, மிக்ஸிக்கும் வாக்குமூலம் வாங்கும். மிக்ஸிக்கே மூன்று மாதம் என்றால் மகள் காலேஜுக்குக் கொண்டுபோகிற லேப்டாப்புக்குக் கேட்கவா வேண்டும். பெரியவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த போதே நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். சிவகிரி ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பையன்கள் மடியில் வைத்திருப்பதை எட்டிப் பார்த்து, என்ன கம்பெனி, எத்தனை வருஷமாச்சு, சூடாகுதா என்று கேட்பீர்கள். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேச்சு. நான் ரசம் ஊற்றுவேன், நீங்கள் ரேம் என்பீர்கள்.

அந்த ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இப்போது யோசித்தால் கனவில் நடந்தது போல இருக்கிறது. தென்காசிக் கடைக்குள் நுழைந்தபோது நம் இரண்டு பேர் தலையிலும் சாரல் பொடியாக ஒட்டியிருந்தது. சுவர் நெடுகத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே அலை, நாம் போயே இராத ஏதோ ஒரு கரை. அந்த நீலம் உங்கள் வெள்ளைச் சட்டையில் விழுந்து நீங்கள் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி தெரிந்தீர்கள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்தில் உங்களை நான் அப்படிச் சும்மா பார்த்தது குறைவு.

ஒவ்வொன்றையும் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினீர்கள். உடம்பு முறுக்கி முனகினால் கீழே வைத்துவிட்டீர்கள். மூடியை ஒரே விரலால் திறந்தீர்கள். கூடவே அடிப்பக்கமும் எழும்பி வந்தால் அதுவும் வேண்டாம். எழுத்துப் பலகையின் நடுவில் கட்டைவிரலை ஊன்றி, குழிகிறதா என்று பார்த்தீர்கள். "எங்க ஊர்ல ஆறு மாசம் ஈரக் காத்துலா தம்பி, உள்ள போய் ஒண்ணும் பண்ணாதே?" என்று கேட்டீர்கள். கடைக்காரர் பொறுமைசாலி. பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் உங்கள் வழக்கமான கேள்வி: "இது கெட்டுப்போனா நான் யாருகிட்ட போய் நிக்கணும்?" அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "கெட்டுப்போகாத சாமான்னு ஒண்ணு கிடையாது. கெட்டா எங்க போகணும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கணும்" என்றீர்கள். திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று முகவரியை எழுதி வாங்கிய பிறகுதான் உங்கள் தலை ஆடியது.

கடைக்காரர் புதுப் பெட்டியை எடுத்து வந்து, "இங்கனயே திறந்து காட்டிருதேன் அண்ணாச்சி" என்றார். நீங்கள் சரி என்று சொல்ல வாயெடுத்தீர்கள். நான்தான் எழுந்து வந்தேன். "வீட்டுல சாமி முன்னால திறந்துக்குவோம்" என்றேன். வீடு வந்தபோது பிள்ளைகள் இரண்டும் வெளியே போயிருந்தார்கள். மணி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம். பெட்டியைத் தொடவிடவில்லை. அது முடிந்ததும் நீங்கள் கத்திரிக்கோலைத் தேடினீர்கள். விளக்கு வைத்த பிறகு வேண்டாம் என்றேன். விடிந்தால் ஆடி ஒன்று. "ஆடியில புதுசு திறக்கக் கூடாது. ஆவணி பிறக்கட்டும்" என்றேன். "ஏட்டி, ஒரு மாசமா?" என்று கேட்டீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பீரோச் சாவியை என்னிடம் நீட்டினீர்கள்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான மறுவருஷம் ஓர் ஆடியில்தான் நீங்கள் பைக் வாங்கினீர்கள். எட்டாம் நாள் குற்றாலம் ரோட்டு வளைவில் விழுந்து கால் முறிந்து வந்தீர்கள். கட்டுப் போட்ட உங்கள் காலைத் தலையணையில் தூக்கி வைத்துவிட்டு, வயிற்றில் பெரியவளோடு, அந்த ஆடி முழுக்க நான் அழுதேன். அன்றிலிருந்து ஆடி என்றாலே எனக்கு உங்கள் கால்தான். வீட்டுக்குள் ஆடியில் ஓர் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட யோசிப்பேன். உங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. என் பயத்துக்காக விட்டுக்கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுக்கச் சாரல் நிற்கவில்லை. எப்போது திறப்போம் என்று பெரியவள் கேட்டபோதெல்லாம், "காலேஜ் திறக்கும்போது பாத்துக்கலாம்மா" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆடிப் பேச்சு அவள் காதுக்குப் போகவில்லை. ஐந்தருவிக்குப் போகிற வேன்களின் சத்தம் பாதித் தூக்கத்தில் கேட்கும். மத்தியானம் படுத்துக் கிடக்கும்போது, இருட்டுப் பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே அந்தப் பெட்டி மூச்சு விடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். மகள் நம்மை விட்டுப் போகப்போவது அதற்குள்தான் மடிந்து கிடக்கிறது என்று நினைப்பேன். ஆவணி வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை திறந்தோம். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். பெரியவள் பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது, அதன் குறுக்கே மேலிருந்து கீழ் வரை பச்சையாய் ஒரு கோடு. துடைத்தாள், போகவில்லை. அணைத்துப் போட்டாள், போகவில்லை. நீங்கள் அப்படியே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். "ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா புதுசே மாத்தித் தந்திருப்பேன் அண்ணாச்சி. இப்போ சர்வீஸ்தான். திரையை மாத்த மூணு வாரமாவது ஆகும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் பேரில் குற்றமில்லை. காலேஜ் திறக்க நாலே நாள் இருந்தது.

பெரியவள் அன்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "மூணு மாசம் பார்த்துப் பார்த்து வாங்குனீங்க. வாங்குன அன்னைக்கே திறந்து பார்க்கணும்னு தெரியாதாப்பா? எல்லாரும் லேப்டாப்போட வருவா, நான் மட்டும் வெறுங்கையோட போகணுமா?" நான் அடுப்படி வாசலில் நின்றேன். நீங்கள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தீர்கள். நான் குனிந்து அடுப்பைப் பார்த்தேன். "எனக்குத் தோணலைம்மா. என் தப்புதான்" என்றீர்கள்.

அவள் தூங்கப் போன பிறகு, நான் சொல்லிவிடுகிறேன் என்று உங்களிடம் வந்தேன். "விடுட்டி. எங்கிட்ட கோவிச்சான்னா ரெண்டு நாள்ல மறந்துருவா. உங்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போனா ஹாஸ்டல்ல உக்காந்து அழுவா" என்றீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. அதை இப்போது மறைக்க என்ன இருக்கிறது. மூன்று வாரம் கழித்துத் திருநெல்வேலிக்குப் போய் வாங்கி, அங்கிருந்து பஸ்ஸில் அவள் காலேஜ் இருக்கிற கோயம்புத்தூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நாலு வருஷமும் அது ஒரு நாள்கூட அவளை ஏமாற்றவில்லை. நீங்கள் பொறுக்கியது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கதை மட்டும் நிலைத்துவிட்டது. தீபாவளி, பொங்கல் என்று யார் வந்தாலும் "எங்கப்பா லேப்டாப்புக்குப் பட்டுச்சேலை கட்டி பீரோல வச்ச கதை தெரியுமா?" என்று பெரியவள் ஆரம்பிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், நானும் காப்பித் தட்டோடு நின்று சிரிப்பேன். நான் ஆடிக்குப் பயந்தவள். நீங்களோ நல்ல மாதமான தையில், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, செருப்பைக் கழற்றும்போதே சரிந்து போய்விட்டீர்கள்.

நேற்று சின்னவளுக்கு லேப்டாப் வாங்கப் போனோம். அவளுக்கு மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது. ஆடி பன்னிரண்டு. அதே கடை. ஒவ்வொன்றையும் நான் மூலையைப் பிடித்துத் தூக்கினேன், ஒரு விரலால் திறந்தேன். சின்னவள் வெட்கப்பட்டு நகர்ந்து நின்றுகொண்டாள். கெட்டுப்போனால் யாரிடம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பெட்டியை மேஜையிலேயே திறக்கச் சொன்னேன். திரை சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. இன்னொரு தடவை அணைத்துப் போடச் சொன்னேன்.

பெரியவள் சின்னவளின் போனில் வீடியோவில் இருந்தாள். "அப்பா மாதிரி பீரோல வச்சுப் பூட்டிராதீங்கம்மா" என்றாள். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து சிரிக்க நீங்கள் அங்கே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. "அது அப்பா இல்லட்டி, நான். அப்பா அன்னைக்கே திறக்கப் பாத்தாங்க. நான்தான் ஆடின்னு தடுத்தேன்" என்றேன். கடை, ராகுகாலம், கத்திரிக்கோல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போங்கம்மா. அப்பா போன பிறகும் அவங்கள விட்டுக்கொடுக்க மாட்டீங்கல்லா. தப்பத் தூக்கி நீங்க போட்டுக்கிடுதீங்க" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். "சரி, சரி" என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். சின்னவள் என் தோளில் கை போட்டாள். அவளும் நம்பவில்லை.

அன்று அடுப்படியிலிருந்து நான் இரண்டு எட்டு வெளியே வந்திருந்தால் நம்பியிருப்பாள். கோபப்பட்டிருப்பாள், ஹாஸ்டலில் அழுதிருப்பாள், பிறகு மறந்திருப்பாள். இனி அவள் பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் லேப்டாப்பைப் பீரோவில் பூட்டிய தாத்தா. அப்படி இல்லை என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.