கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?

அக்கா,

வைக்கோல் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நேற்றிலிருந்து பின்கட்டு அறையில் கிடக்கிறேன். விற்பனைக்குக் கட்டும் கொலு பொம்மைகளுக்குச் சுற்றிய வைக்கோலும் பீங்கான் தூளும் கலந்த இந்த நெடி வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் பெட்டி எடுக்க வந்து போகிறவர்கள். மாசத்தில் மூன்று நாள் இங்கே பாய் போட்டுக் கிடந்த ஓரகத்திகள் நாம் இருவர்தான். இப்போது உங்கள் மகள் பாப்பாவும் சேர்ந்துவிட்டாள்.

ஹாலில் புது வீடியோ கேம் பேச்சு நடக்கிறது. என் வீட்டுக்காரர் போனை வைத்துக்கொண்டு பையன்களோடு விலை பார்க்கிறார். காலையில் சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "இப்பதான் கரண்டே போறதில்லையே, பெரிசா வாங்கிடலாமா? பழச எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பழசு போய்விட்டால் இந்த அறையில் எனக்குப் பொம்மைகள்தான் துணை.

அந்தப் பழசை நீங்கள் தேர்ந்தெடுத்த விதம் நினைவிருக்கிறதா? கொலு ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்து, கையில் காசு புரண்ட தீபாவளி. உங்கள் வீட்டுக்காரரும் இவரும் கடைவீதியில் இரண்டு விதம் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒன்று டிவியோடு கட்டிப்போட்டது, படம் சினிமா மாதிரி தெரியுமாம். இன்னொன்று டிவியில் செருகினால் டிவியில் ஓடும், உருவினால் கையில் ஓடும். அண்ணன் தம்பி இருவரும் பெரிசின் பக்கம். நீங்கள் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவர் போல, "கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். மத்தியானமானால் கரண்டு போன காலம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னதே வந்தது. அண்ணிக்கு என்ன மூளை என்று இவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னீர்கள். "அந்த ரூமுல பொம்மை மூஞ்சிய பாத்துக்கிட்டு கெடக்கறோமே, அதுக்குத்தான்டி."

நீங்கள் உள்ளே இருக்கும் நாட்களில், பையன்கள் வெளியே போனதும், நடையில் ஒரு பொம்மைப் பெட்டியைப் போட்டு அதன்மேல் டிவியிலிருந்து உருவிய கேம் செட்டை நிறுத்துவேன். நீங்கள் நிலைப்படிக்கு உள்ளே, நான் வெளியே. உங்களுக்குச் சிவப்பு கண்ட்ரோலர், எனக்கு நீலம். ஒயர் கிடையாது, தொடவேண்டியதில்லை. அத்தைக்கு அதிலும் சந்தேகம். "காத்துல போறதுக்குத் தீட்டு ஏது அத்தை?" என்று வாயை அடைத்தீர்கள். சிவப்புக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கச் சொன்னபோது, ஷாக் அடிக்கும் என்று பயமுறுத்தினீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்கு ஓடியது இன்னும் ஞாபகம்.

ஒரே ஆட்டம்தான், கார் ரேஸ். பொறந்த வூடு பெண்ணாடம், புகுந்த வூடு இது. அதைத் தாண்டி எங்கே போயிருக்கிறீர்கள்? அதில் மட்டும் கடலோரம், மலை, பனி என்று பறந்தீர்கள். என்னை முந்தும்போதெல்லாம் ஒரே சத்தம்: "ஓரம் போடி, பெண்ணாடம் பஸ்ஸு வருது!" ஓட்டி முடித்ததும் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

சில வருஷம் இப்படி ஓடிய பின் வந்த ஐப்பசியில் உங்களுக்கு மூன்று நாளில் நிற்கவில்லை. தலைக்கு ஊற்றி வெளியே வந்தீர்கள், மறுநாளே திரும்ப உள்ளே போனீர்கள். நின்னு போற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார் அத்தை. நீங்களும் அதையே சொன்னீர்கள். மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் உங்கள் கார் சுவரில் முட்டி நின்றது, நீங்கள் திருப்பவே இல்லை. "கை ஓய்ஞ்சு போச்சுடி" என்றீர்கள். அன்றைக்கே பாண்டிச்சேரி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். பொங்கலுக்கு நீங்கள் இல்லை. அக்கா, அவ்வளவு ரத்தம் போயும் இந்த வீட்டில் ஒருவருக்கும் டாக்டர் ஞாபகம் வரவில்லை. பாயும் சொம்பும்தான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் இவர் மறுபடி கதவருகே வந்தார். பெரிசா சின்னதா, எதுன்னு சொல்லு, ஆர்டர் போடணும் என்றார். உங்களிடம் கற்ற வித்தைதானே, ஒரு சாக்கு தேடினேன். பெரிய திரை பார்த்தால் கண் வலிக்கும் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு உங்கள் மகள் போன மாசம் இதே பாயில், இதே மூலையில் சுருண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. இந்த அறைக்குத் தோதாக ஒன்றை வாங்கினால், அவளுக்கும் இந்த அறையை நானே ஒழுங்கு பண்ணிக் கொடுத்த மாதிரிதான்.

"பெரிசே வாங்குங்க. ஆனா டிவி முன்னாடி நானும் பாப்பாவும் எல்லா நாளும் உக்காருவோம். இந்த ரூமுல இனிமே பொம்மைங்க இருந்தா போதும்" என்றேன். ஹாலுக்கே கேட்டிருக்கும். பழசை யாருக்கும் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இவர், பாக்கலாம் என்று முனகிவிட்டுப் போனார். சமையலறையில் அத்தை ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தார். அடுத்த மாசம் நான் ஹாலில் உட்காரும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

விளக்கு வைத்த பிறகு உங்கள் மகள் வந்தாள். பெட்டியை நடையில் போட்டு, செட்டை நிறுத்தி, சிவப்பை என் பக்கம் தள்ளி, நீலத்தை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக நான் உட்காரும் இடத்தில் உட்காருவாள் என்று பார்த்தேன். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். ஒன் ஆயா பாத்தா திட்டும், போடி என்றேன். அவள் என் தோளை இடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரம் போ சித்தி, பெண்ணாடம் பஸ்ஸு வருது."

அத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள், அக்கா. உங்கள் சிவப்பைக் கையில் பிடித்தபடியே நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டேன்.