சேலை கட்டிக் காட்டுகிறவர்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள செல்விக்கு,

அந்தோணிராஜ் எழுதிக்கொள்வது. சுகமா என்று நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சுகம்தான். நேற்று ரசம் வைத்தேன். அதை ரசம் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

போனில் பேசினால் 'சாப்டியா'வுக்கு அடுத்த வார்த்தையே சண்டையாகிவிடுகிறது. அதுவும் உன் போனை உன் அண்ணன்தான் எடுக்கிறார். "அவ தூங்குறா மாப்ளே" என்கிறார். பட்டப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததே கிடையாது. சரி, கடிதம் எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது என்றுதான் எழுதுகிறேன். தபால் ஆபீசில் கவர் கேட்டதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் கவர் கேட்கிறானே என்று பார்த்தாரா, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பார்த்தாரா தெரியவில்லை. இப்போது எல்லார் பார்வையும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகிறது.

நான் என்ன தப்புச் செய்தேன், சொல். கிதர் முகம்மது பாய் கடையில் சேர்ந்த நாளிலிருந்து சேலைச் செக்‌ஷனில்தான் நிற்கிறேன். சேலையைத் தோளில் போட்டு, முந்தியை விரித்து, "பாருங்கக்கா" என்று காட்டாமல் எந்த ஊர் ஜவுளிக்கடையில் சேலை விற்கிறார்கள்? பாய் மகன் ஃபாரிஸ் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, தோளோட நிறுத்தாம முழுசா கட்டிக் காட்டுங்க, ரீல்ஸ் எடுப்போம்" என்றான். பேன்ட் சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்துக் கட்டினேன். நம் சின்னாளபட்டிச் சேலைதான், பச்சையில் அரக்கு பார்டர். கடைப் பொம்மைகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அதன் மேல் எந்தக் கலரைப் போட்டாலும் எடுப்பாகத்தான் தெரியும். வாங்கிப் போய்க் கட்டினால்தான் நம் சனங்களுக்கு உண்மை தெரிகிறது. "அக்கா, மாநிறத்துக்கு இது எப்படி இருக்கும்னு கேக்குறீங்கள்ல, என்னையப் பாருங்க, நான் என்ன செவப்பா?" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அது இம்புட்டுத் தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

திருநீற்றுப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு நீ ஆத்தூர் பஸ் ஏறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காந்திகிராமம் விடுதியிலிருந்து கீர்த்தனா போன் செய்தாள். "அம்மா மாமா வீட்டுக்குச் சும்மா போயிருக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் என்ன சின்னப்பிள்ளையா, நம்புவதற்கு?

கோபம் ஆறினதும் வந்துவிடு.

இப்படிக்கு
உன் அந்தோணிராஜ்


ஆத்தூர்
15.3.2025

கீர்த்தனா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம்.

நீங்கள் சேலையைத் தோளில் போட்டதை நான் என்றைக்காவது ஏதாவது சொல்லியிருக்கிறேனா? தோளில் போடுவது வேறு. கொசுவம் வைத்து, இடுப்பில் செருகி, முந்தியை எடுத்து விட்டு நடந்து காட்டியது வேறு. அதற்குக் கீழே ஊரான் வீட்டுப் பயல்கள் என்னென்ன எழுதியிருக்கிறான்கள் என்று படித்தீர்களா? நான் ஒன்றுவிடாமல் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அன்றைக்குக் கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கிற ஒருத்தி, சிரிக்காமல் கேட்டாள். "ஏங்க்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஜாக்கெட் என்ன அளவு?" பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். நேராக வீட்டுக்கு வந்து பையை எடுத்தேன்.

நாளைக்குக் கீர்த்தனாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்பார்கள்? படிப்பையா, குணத்தையா? அவளோ 'எங்க அப்பா கெத்து' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. நான்தான் நடுத்தெருவில் நிற்கிறேன்.

நான் வரவேண்டும் என்றால் அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். வேட்டி செக்‌ஷனுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாய் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார்.

இங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. செண்டுமல்லி எடுக்கப் போகிறேன். உங்கள் நீலக்கோடு சட்டையைத்தான் மேலே போட்டுக்கொண்டு போகிறேன், வீட்டில் தேட வேண்டாம். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

சகாயசெல்வி


திண்டுக்கல்
20.3.2025

அன்புள்ள செல்விக்கு,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து வேட்டி செக்‌ஷன். வீடியோவையும் ஃபாரிஸ் எடுத்துவிட்டான். ஆனால் ஊர் முழுக்க அவனவன் போனில் இறக்கி வைத்திருக்கிறான். அதை நான் வீடு வீடாகப் போய் அழிக்க முடியாது.

வேட்டி செக்‌ஷனைப் பற்றிச் சொல்கிறேன் கேள். ஆம்பளை வருவான். "நாலு முழம்" என்பான், இல்லாவிட்டால் "எட்டு முழம்" என்பான். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவான். உட்காரமாட்டான். "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா" என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். எல்லாம் வெள்ளை. நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மதியத்துக்கு மேல் நின்றுகொண்டே கொட்டாவி விடுகிறேன்.

நேற்றுச் சிறுமலையிலிருந்து ஒரு அம்மா, மகள் நிச்சயத்துக்குச் சேலை எடுக்க என்னைத் தேடி வந்தார். "அந்தக் கறுத்த தம்பி எங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. புதுப்பையன் அவருக்கு ரோஸைக் காட்டுகிறான். அந்தப் பெண் நிறத்துக்கு ரோஸ் ஆகவே ஆகாது. நான் இந்தப் பக்கம் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. என் சட்டையைப் போட்டுக்கொண்டு பூ எடுக்கப் போகிறாயே, மில்லுக்குப் போன காலத்திலும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டைதானே போட்டாய்? கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்கள் எல்லாரும் புருசன் சட்டையில்தான் சிமெண்டுச் சட்டி தூக்குகிறார்கள். உங்களை யாராவது "வாங்கண்ணே" என்று கூப்பிட்டுச் சிரித்தார்களா? வயிற்றுப்பாட்டுக்கு நீ என் துணியைப் போட்டால் உழைப்பாளி, நான் உன் துணியைக் கட்டினால் கோமாளி. இது எந்த ஊர் நியாயம்?

வேட்டி செக்‌ஷனுக்கு மாறிவிட்டேன். நீ எப்போது வருகிறாய்?

அந்தோணிராஜ்


ஆத்தூர்
29.3.2025

கீர்த்தனா அப்பாவுக்கு,

உங்கள் நியாயத்தைப் பூக்காட்டில் எல்லாரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு எல்லாரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி போட்டிருந்தது அவள் கொழுந்தன் சட்டை, பையில் இன்னும் பீடித்தூள் இருந்தது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. அதற்காக நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

நாங்கள் சட்டை போடுவது வெயிலுக்கும், கையில் செடி கீறாமல் இருப்பதற்கும். வேலை முடிந்ததும் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவோம். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று நான் சந்தோஷப்பட்டதில்லை. நீங்கள் அந்த வீடியோவில் சந்தோஷப்பட்டீர்கள். ஊர் பார்த்தது சேலையை. நான் பார்த்தது உங்கள் முகத்தை.

அதனால் ஒரே ஒரு கேள்வி. சம்பளத்தை விடுங்கள், பாயை விடுங்கள். சேலை கட்டிக்கொண்டு நிற்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? நிசத்தை எழுதுங்கள். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வருவதா வேண்டாமா என்று நான் சொல்வேன்.

சகாயசெல்வி


திண்டுக்கல்
3.4.2025

செல்விக்கு,

பிடித்திருக்கிறது.

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். 'வயிற்றுப்பாட்டுக்குத்தான்' என்று எழுதியிருந்தால் நீ சனிக்கிழமையே வந்திருப்பாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ நிசத்தைக் கேட்டாய்.

பெண்ணாக வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. வீட்டில் ஒளிந்து உன் சேலையை எடுத்துக் கட்டினதும் இல்லை. இது கடையில், விளக்கு வெளிச்சத்தில், ஆட்களுக்கு முன்னால் வருகிற ஆசை. நம் கல்யாணத்துக்கு முன்னால் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தேன் இல்லையா, அப்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றுகொள்வார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. என் உடம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பழகிவிட்டேன். சேலையை எடுத்து மேலே போட்டால் சனம் கிட்ட வருகிறது. தொட்டுப் பார்க்கிறது. "நல்லாருக்கு" என்கிறது. சேலையைத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் அது என் மேல்தானே இருக்கிறது? அந்த நேரத்தில் நானும் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது. அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

இதுதான் நான். இனி நீ சொல்.

அந்தோணிராஜ்


திண்டுக்கல்
13.4.2025, குருத்து ஞாயிறு

செல்விக்கு,

பதில் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டதற்கு, "வந்தா தராம வச்சுக்கிட்டா சாப்பிடப் போறேன்?" என்று சிடுசிடுத்தார்.

பாய் நேற்றுக் கூப்பிட்டார். "அந்தோணி, பொம்பளைங்க வந்து ஒன்னையத்தான் கேக்குறாங்க. நீ வாறியா, இல்ல நான் வேற ஆளுக்குச் சொல்லட்டுமா?" என்றார். ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ வேண்டாம் என்றால் ஆயுசுக்கும் வேட்டியே விற்கிறேன். எனக்கு நீ வேண்டும். ஆனால் அது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லாதே.

அந்தோணிராஜ்


ஆத்தூர்
20.4.2025, ஈஸ்டர்

என் வீட்டுக்காரருக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். கறி எடுத்தீர்களா, அல்லது உங்கள் ரசம்தானா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். 'பிடித்திருக்கிறது' என்று பட்டென்று எழுத எப்படி மனசு வந்தது என்று அழுதேன். கேட்டது நான்தான், அது வேறு விஷயம். பதில் எழுத உட்கார்ந்தால் திட்டுத்தான் வந்தது, அதனால் எழுதவில்லை.

இந்த வாரம் இங்கே பாஸ்கா. இயேசுவின் பாடுகளை நடிக்கிற அந்த நாடகத்தில் இந்த ஊர் வழக்கப்படி பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். சிலுவை சுமந்து போகிற ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற வெரோணிக்கம்மாள் வேஷம் என் அண்ணன் சவரிமுத்துவுக்கு வருடா வருடம் உள்ளது. இவ்வளவு நாளும் அண்ணிதான் சேலை கட்டிவிடுவார். இந்தத் தடவை அண்ணிக்குக் கையில் சுளுக்கு, அதனால் என்னைக் கட்டச் சொன்னார்கள்.

நாடகத்தன்று சாயங்காலம் சாவடியில் வைத்துக் கட்டினேன். கண்ணுக்கு மை, சவுரிமுடி, நெஞ்சில் துணிப்பந்து எல்லாம் வைத்துக்கொண்டு அண்ணன் என்ன பேசுகிறார் தெரியுமா? "ஒம் புருசன் நம்ம மானத்தையே வாங்கிட்டான் தாயி. ஆம்பளையாப் பொறந்தவன் செய்யுற வேலையா அது?" நான் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் ஊக்கு. ஊக்கை எடுத்துவிட்டு, "ஆடாம நில்லுண்ணே, மடிப்புக் கலையுது" என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. "இது சாமி காரியம் புள்ள, அது யாவாரம்" என்றார். "அந்த யாவாரத்துலதான் எங்க வீட்டுல ஒல கொதிக்குது" என்றேன். முந்தியை வெடுக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறார். காலையில் பூசைக்குக்கூட எனக்கு முன்னாலேயே போய்விட்டார்.

ஆனால் அவர் துண்டை நீட்டி ஆண்டவர் முகத்தைத் துடைத்தபோது கூட்டமே அழுதது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் சிரிக்கிறதே என்றுதான் கோபம் என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதியைச் சொல்கிறேன். அந்த வீடியோவில் முகம் தெரியாத யாரோ ஒருத்திக்கு நீங்கள் சேலை காட்டிய விதம் இருக்கிறதே, அந்தச் சிரிப்பு, அந்த அக்கறை, இது உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்கிற அந்தக் குரல், இத்தனை வருடத்தில் அதை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. எனக்குச் சேலை எப்படி வரும்? கிறிஸ்துமஸுக்குக் கடையில் கொடுப்பதைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் வைப்பீர்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்பதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுவீர்கள். கடையில் வேலை பார்க்கிறவர் பெண்சாதி கடைக்கு வந்து உட்காரக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரெல்லாம் பார்த்த பிறகு என் புருசனை நான் போனில் பார்த்தேன். அந்த வயிற்றெரிச்சலோடுதான் பஸ் ஏறினேன்.

கீர்த்தனாவிடம் பேசினேன். "இதைக் கேட்டு வேண்டாம்னு போற மாப்பிள்ளை எனக்கும் வேண்டாம்மா" என்கிறாள். வாய் அப்படியே உங்களை மாதிரி. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டுக்குழுக்காரி இன்னொரு தடவை கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. ஏதாவது சொல்வேன்.

இது கிடைத்ததும் பாயிடம் போய்ச் சேலைச் செக்‌ஷனுக்குத் திரும்பி வருகிறேன் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக வீட்டுக்கு வரமாட்டேன், கடைக்குத்தான் வருவேன். முன் பெஞ்சில் உட்காருவேன். கூட்டமாக இருந்தாலும் காத்திருக்கிறேன். எனக்கு ஒரு சேலை வேண்டும். நீங்களே பார்த்து எடுங்கள். தோளில் போட்டுக் காட்டினால் போதாது, முழுசாகக் கட்டிக் காட்டுங்கள். யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது.

சகாயசெல்வி