கட்டத்தில் டிக் போட்டது நான்

12.3.2025, புதன்
காலையில் கரண்ட் இல்லை. பதினொன்றுக்கு மேல்தான் கடையில் கம்ப்யூட்டரைப் போட முடிந்தது. ஏரியூர் முழுக்க அப்போதுதான் வந்து நின்றது போலக் கூட்டம்.

கோவிந்தம்மாள் தன் அக்கா மகள் சசிகலாவை அழைத்து வந்தார். ஓசூரில் புருஷன் அடி தாங்காமல் மகளோடு இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறதாம். தையல் வேலைக்கு ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்து கொடுத்தேன். கடைசியில் 'விதிமுறைகளைப் படித்துச் சம்மதிக்கிறேன்' என்ற அந்தக் கட்டம் வந்தது. சசிகலா எட்டிப் பார்த்தாள். "அதுல என்னக்கா எழுதியிருக்குது?"

"வழக்கமா வர்றதுதான். யாரு படிக்கிறாங்க?" டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

29.3.2025
சசிகலாவுக்குத் தருமபுரி தையல் கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். கடை வாசலில் நின்று சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

7.4.2025
அவன் வந்துவிட்டான். மாதவராஜ், சசிகலாவின் புருஷன். காலை ஏழு மணிக்கு, நேராகக் கோவிந்தம்மாள் வீட்டு வாசலுக்கு. சசிகலாவின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள். "இவ பேர அடிச்சேன், வூட்டு நெம்பரோட வந்துச்சு" என்று போனைத் தூக்கிக் காட்டினானாம்.

எந்தப் பக்கத்தில் வந்தது?

8.4.2025
நானும் அவள் பெயரை அடித்துப் பார்த்தேன். நான் பதிந்து கொடுத்த தளத்தின் பக்கம்தான் முதலிலேயே வந்தது. கைப்பேசி எண், கதவு எண், தெரு. தெருப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. அவசரத்தில் அடித்தது.

கடை திறக்கவில்லை.

11.4.2025
அந்த வேலைவாய்ப்புத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் படிக்கிறேன். பதினான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் பி.காம். படித்தவள், எனக்கே அகராதி வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியம் ஒன்பது வரி ஓடுகிறது, முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நாமாகப் போய் மாற்றாதவரை நம் விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். மாற்றுகிற இடம் வேறெங்கோ, நான்கு பக்கம் தாண்டி. இதை மூணு வரியில தமிழ்ல எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நானாச்சும் அன்னைக்கு அஞ்சு நிமிசம் ஒக்காந்து பாத்திருந்தா— அன்னைக்கு நான் பாத்திருப்பனா? மாட்டேன்.

பக்கத்தை நீக்கச் சொல்லி எழுதினேன். முப்பது வேலை நாள் ஆகும் என்று பதில்.

15.4.2025
தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சசிகலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. தையல் வேலை இனிமேல் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னார். என் தப்புதான் என்று சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். 

"நான் கேட்டனேக்கா" என்றாள்.

அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஏரியூர் வரை நின்றபடியே வந்தேன்.

24.4.2025
மாதவராஜுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்றே சசிகலா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று கேட்டேன். கோவிந்தம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்டயே சொல்லலீங்க. சொன்னா எங்கனாச்சும் பதிஞ்சு போயிரும்னு பயப்படுது."

25.4.2025
சமைக்கவில்லை. வீட்டுக்காரர் குருதான் ஓட்டலில் வாங்கி வந்தார். 

6.5.2025
டிக் போடும் முன் படித்துச் சொல்கிறேன். முடிந்தவரை, தமிழில். வரிசையில் நிற்கிறவர்கள் முனகுகிறார்கள். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

19.5.2025, திங்கள்
மதியம் கோவிந்தம்மாள் வந்தார். முட்டி வலிக்கு டாக்டரிடம் வீடியோவில் பேசும் ஒரு தளம் இருக்கிறதாமே, அதில் பதிய வேண்டும் என்றார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"முழுசும் படிங்க. நான் இருக்கறேன்."

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொன்னேன். ஏழாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வூட்டு விலாசத்த வேற ஆளுங்களுக்கும் குடுப்பாங்களா?"

"குடுக்கலாம்னு போட்டிருக்குங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "அப்ப வேணாம். வலி இருந்துட்டுப் போவுது. புள்ள என்னைக்காச்சும் அந்த வூட்டுக்குத்தானுங்களே திரும்பி வரும்."