இரண்டு கையிலும் டீ

இன்று காலை பொத்தேரியில், கல்லூரி வாசலை ஒட்டிய கடையில் இரண்டு டீ வாங்கினேன். "கூட யாராச்சும் வர்றாங்களாக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றேன். பேப்பர் கப்பின் சூடு விரல்களில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

தாம்பரத்தில் அந்தப் பயிற்சி மையத்தின் மாடியில்தான் நாம் பழகினோம். உன் மகனுக்கும் என் மகளுக்கும் மூளை முடக்குவாதம். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளைப் பெரிய நீலப் பந்தின் மேல் உட்காரவைத்து, பிசியோதெரபிஸ்ட் பந்தை மெல்லச் சாய்ப்பார். வயிறும் முதுகும் தாமாக இறுகி உடம்பை நிமிர்த்த வேண்டும். அங்கே நன்றாகச் செய்வாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், என் உள்ளங்கை அவள் முதுகுக்குப் போய்விடும். "கையை எடுங்க மேடம், அவ உங்க கைமேலதான் உக்காந்திருக்கா" என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! எடுப்பேன். அவள் லேசாக ஆடினால் போதும், கை திரும்பப் போய்விடும்.

நீ அறிவுரை சொல்லவில்லை. ஒரு நாள் கீழேயிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வாங்கி வந்தாய். "இந்தா டீச்சரம்மா, ரெண்டையும் புடி. புள்ளைக்கு மூக்கு ஒழுவுது" என்று என் கைகளில் திணித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த உன் மகனிடம் குனிந்துகொண்டாய். தளும்பத் தளும்ப டீ. தரையில் வைக்கலாமென்றால் தவழும் பிள்ளைகள். என் மகள் வலப்பக்கம் சாய்ந்தாள். நான் கத்தினேன். நீ திரும்பவே இல்லை. அவள் கையை ஊன்றி, வயிற்றை இறுக்கி, மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். உன் முழங்கால் பெஞ்சின் வலப்பக்கத்தை ஒட்டியே நின்றதை அப்புறம்தான் கவனித்தேன்.

"வேணும்னுதானே பண்ணே?"

"பின்ன இன்னா? உன் கைய கட்டியா போட முடியும்? குடி, ஆறிடப் போவுது."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். உன் மகனுக்கு அப்போது கழுத்தே நிற்கவில்லை. உனக்கு என்மேல் கொஞ்சமும் பொறாமை வந்ததில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே போன ஆடியில் உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மகனைப் போய்ப் பார்க்கிறேன். என் குரல் கேட்டால் என் பக்கம் தலையைத் திருப்புகிறான்.

இன்று என் மகளுக்குக் கல்லூரியில் முதல் நாள். வாசலில் ஐந்து படிகள். ஊன்றுகோலோடு ஏறியவள் மூன்றாவது படியில் ஆடினாள். என் இரண்டு கையிலும் டீ. நின்றாள், நிமிர்ந்தாள், ஏறினாள். மேலேயிருந்து திரும்பி, "எதுக்கும்மா ரெண்டு?" என்று சிரித்தாள்.

ஒன்றைக் குடித்தேன். மற்றது ஆறும்வரை கையிலேயே இருந்தது.