வேஸ்ட்டில் போடாத நீலச் சட்டைகள்

புரட்டாசி, புதன்கிழமை இரவு

கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா நேற்று கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்று வெளியேறியது. அடுத்த சுற்றுக்குப் போனால் விற்கலாம் என்று எங்கள் பனியன் கம்பெனியில் தைத்து வைத்திருந்த நீலச் சட்டைகளை, காலையில் வந்ததும் வேஸ்ட்டில் போடச் சொன்னார் சின்ன முதலாளி.

"மெஷின் தொடைக்கவாவது ஆகுமுங்க" என்றார்.

நான் செக்கிங் ஆள். குறையில்லாத துணியை ஒரு நாளும் ஒதுக்கியதில்லை.

"எங்க ஓட்டைன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுங்க, போட்டர்றேன்" என்றேன்.

"ஓட்டை டிஃபென்ஸுலதானுங்க பெரியவரே!" என்றார் சின்ன முதலாளி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதினொரு பேர் மேல் அவரைவிட எனக்குத்தான் ஆத்திரம். முப்பது வருடமாக ஏமாற்றுகிறார்கள். ஆனால் அவர்களை நான் திட்டலாம். கிரிக்கெட் தவிர எதையும் பார்க்காதவர் திட்டக் கூடாது.

சாயங்காலம் மூட்டையைக் கட்டி வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். வேஸ்ட்தானே என்று யாரும் தடுக்கவில்லை.

"இத்தனையும் ஆரு போடறதுங்க?" என்றாள் மனைவி. நான் மூட்டையைப் பரண்மேல் ஏற்றி வைத்தேன்.

அடுத்த தகுதிச் சுற்றுக்கு வருடங்கள் ஆகும். அதுவரை நான் இருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த நீலச் சாயம் போகாது. நான் பார்த்துத்தான் பாஸ் செய்தேன்.