விளிம்பு உடைந்த குடுவை

நவம்பர் 5, செவ்வாய்

விளிம்பில் சில்லு பெயர்ந்த குடுவையின் மேல் 'சரிசெய்தது' என்று எழுதிய மூடி இருந்தது.

இந்த ஆய்வகத்தில் கழுவும் வேலை எனக்கு; தினமும் இரண்டு குடுவைகளைக் கழுவி எமெஷே அக்காவின் மேசையில் வைப்பேன். உடைந்தது எப்போதும் இடப்பக்கம். அக்கா இடப்பக்கத்தில்தான் முதலில் ஊற்றுவாள், அதில் 'பழுது' ஈஸ்ட். பழுதுக்குப் பழுது என்று எனக்குள் ஒரு வேடிக்கை. இன்று மாறியிருந்தது. கை மாறி ஊற்றியிருப்பாள். கழுவிவிட்டேன்.

நவம்பர் 6

அக்காவுக்கு இன்று நல்ல மனநிலை. சீஸ் போட்ட உப்பு ரொட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நேற்றைய குடுவைகளிலிருந்து எடுத்து உறைபெட்டியில் புதிய சேமிப்பு வைத்துவிட்டாளாம். இடம் இல்லையென்று பழைய சேமிப்புக் குழாய்களை லாயோஷ் மாமா நீராவியில் போட்டுக் கொன்றுவிட்டார். ஆய்வகச் சாமான்களுக்கெல்லாம் அவர்தான் ராஜா.

நான் இருப்பதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அப்படிக் கேட்டே கொஞ்சம் புரிந்திருக்கிறது. செல்லுக்குள் புரதமும் கொழுப்பும் சின்னச் சின்னச் சவ்வுப் பைகளில் ஏறித்தான் ஓரத்துக்குப் போகின்றன. பை ஓரச் சவ்வோடு ஒட்டித் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போகும். பையின் தோலும் ஓரத்தோடு சேர்ந்து செல் வளரும். பழுதான ஈஸ்ட்டில், சூடு முப்பத்தேழு டிகிரிக்கு ஏறினால் பைகள் ஓரம் வரை வந்து நின்றுவிடும். ஒட்டாது. மேலும் மேலும் பைகள் குவியும். செல் வளராமலே கனக்கும், கனத்து அடியில் போய் உட்காரும்.

அதற்குள் நல்ல மரபணு ஒன்றை வைத்து அக்கா சரிசெய்திருக்கிறாள். இரண்டு வருட வேலை.

நவம்பர் 14, வியாழன்

புதிய சேமிப்பிலிருந்து எடுத்து முப்பத்தேழு டிகிரியில் வளர்த்ததில், சரிசெய்தது அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பழுது நன்றாக வளர்கிறது.

"தலைகீழா வருது மாமா! ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றாள் அக்கா.

"நீயும் தலைகீழா நின்னு பாரும்மா, நேரா தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அப்புறம் விளிம்பு உடைந்த குடுவை நினைவுக்கு வந்தது.

நவம்பர் 15

சிரிக்க என்ன இருக்கிறது எனக்கு?

4ஆம் தேதி, திங்கட்கிழமை, குலுக்கும் பெட்டிக்குள் நுரை பொங்கி வழிந்திருந்தது. ஈரக் கண்ணாடியில் ஒட்டுத்தாள் நிற்காது என்று இங்கே எல்லோரும் பெயரை அலுமினியத்தாள் மூடியில்தான் எழுதுவார்கள். நான் இரண்டு மூடிகளையும் எடுத்தேன். துடைத்தேன். திரும்பப் போட்டேன்.

எதை எதன் மேல்?

ஈஸ்ட் வளரும் குடுவையைத் தொடக்கூடாது என்று லாயோஷ் மாமா முதல் நாளே சொல்லியிருந்தார். சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான் — யார் கேட்டது என்னை? கழுவுறதுதானே என் வேலை!

அக்கா பார்ப்பது மூடியை. குடுவையைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

நவம்பர் 20

நாளை சொல்வேன்.

நவம்பர் 21

சொல்லவில்லை. அக்கா பின்னால் போய் நின்றேன். "என்னடி, கையுறை வேணுமா?" என்றாள். தலையாட்டினேன். கொடுத்தாள். என்னிடம் இப்போது மூன்று பெட்டி கையுறை இருக்கிறது.

பள்ளியிலும் இப்படித்தான். விடை தெரியும். கரும்பலகை முன்னால் நின்றதும் தொண்டை வரை வந்து நின்றுவிடும். பதினாறு முடிந்ததும் போவதை விட்டுவிட்டேன். அங்கே என் மதிப்பெண் மட்டும்தான் போயிற்று.

நவம்பர் 25, திங்கள்

பேராசிரியர் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை.

"உன் கை சுத்தமில்ல எமெஷே. எதுல எது இருக்குன்னு உனக்கே தெரியல. வெள்ளிக்கிழமையோட இதை நிறுத்திடு. அந்தக் குழாயெல்லாம் நீராவிக்கு அனுப்பிடு."

அக்கா என் தொட்டியில் வந்து முகம் கழுவினாள். துணியை நீட்டினேன்.

"இங்க என்னைக் கேள்வி கேக்காத ஒரே ஆள் நீதான்" என்றாள்.

நவம்பர் 29, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் அக்கா குழாய்ப் பெட்டியோடு நீராவி அறைக்குப் போனாள். லாயோஷ் மாமா நீராவிப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் உடைந்த குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். நானும் நகர்ந்து மறித்தேன்.

"என்ன போரோகா? வழி விடு."

"மூடி" என்றேன்.

"எந்த மூடி?"

"நான்தான் மாத்திட்டேன். நாலாம் தேதி. நுரை துடைக்கறப்போ. இது இடப்பக்கக் குடுவைக்கா, இதுல எப்பவும் பழுதுதான் ஊத்துவீங்க. மறுநாள் கழுவ வந்தப்போ சரிசெய்தது மூடி இருந்துச்சு. உங்க கை சுத்தம்தான். நான்தான்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். குடுவையை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"மூணு வாரம்டி! வாயத் திறக்க மூணு வாரமா உனக்கு?" கத்தினாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். "நான் தினம் உன் பக்கத்துலதானே நின்னேன்!"

நான் குழாய்ப் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

லாயோஷ் மாமா நீராவிப் பாத்திரத்தை மூடினார். "இந்தப் பொண்ணு இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. பொய்யா இருக்காது. அனுப்பிப் பாரு."

இரண்டு குழாய்களிலிருந்தும் எடுத்து, மரபணுவைப் படித்துச் சொல்லும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். போகும்போது என்னிடம் எதுவும் பேசவில்லை.

டிசம்பர் 3

பேசவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் என் தொட்டிக்கு மேல், மரபணு படிக்கும் இடத்திலிருந்து வந்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்துகள் வரிசை வரிசையாக, எனக்குப் படிக்கத் தெரியாது. அடியில் அக்காவின் கையெழுத்தில் 'இடப்பக்கம் – பழுது' என்று மட்டும் இருந்தது.

மதியம் இரண்டு குடுவைகள் கழுவ வந்தன. உடைந்ததில் ஈஸ்ட் வெள்ளையாக அடியில் உட்கார்ந்திருந்தது. மற்றது இன்னும் கலங்கலாகவே இருந்தது.

கழுவினேன். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவைத்தேன். இடப்பக்கம் உடைந்ததை வைத்து, கண்ணாடி மேலேயே அழியாத மையால் 'பழுது' என்று எழுதினேன்.